பசுமை வளாகம்: மலைச்சரிவில் இருக்கும் கல்லூரி எதிலிருந்து தொடங்குவது?

ஹட்டன் பக்கத்துக் கல்வியியற் கல்லூரி ஒன்றில் பயிலும் ஆசிரிய பயிலுநர் ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கல்லூரியில் ‘பசுமை வளாகம்’ என்று ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது; மூன்று மாதத்துக்குள் செயற்திட்டம் ஒன்றை எழுதித் தரும்படி மாணவர் குழுவிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்; கையில் பணம் இல்லை; மரம் நடுவதா, சூரிய மின்கலத் தகடு கேட்பதா, மூன்று நிறத் தொட்டிகள் வைப்பதா, எதை முதலில் செய்வது? இவற்றுக்கெல்லாம் பிறகு, தயங்கித் தயங்கி ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘இதனால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது எல்லாம் புகைப்படத்துக்குத்தானா?’ எனக்கு அந்தக் கடைசி வரியே உண்மையான கேள்வியாகப் படுகிறது. மற்ற மூன்றுக்கும் விடை அதிலிருந்துதான் வரும்.

முதலில் என் தகுதியையும் அதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் குடிசார் பொறியியல் படித்துவிட்டு, மலையகத்துப் பாடசாலைகள், வைத்தியசாலைகள், விடுதிகள் ஆகியவற்றின் நீர்வழங்கலிலும் வடிகாலிலும் நெடுங்காலம் வேலை செய்தவன். தண்ணீர், சரிவு, கழிவு ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை ஓரளவு துணிந்து எடுத்துக்கொள்ளலாம். மரவகை, காட்டுயிர் பற்றிச் சொல்வது அந்தத் துறையினரோடு பழகியதால் அறிந்துகொண்டது. உங்கள் வளாகத்தை நான் பார்த்ததில்லை. மலையில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் மண்ணே வேறுபடும் என்பதால், கீழே சொல்லும் எண்களை அளவுகோலாகக் கொள்ளுங்கள், அப்படியே பிரதி செய்ய வேண்டாம்.

என் கருத்து இது. மலைச்சரிவில் இருக்கும் ஒரு வளாகம் சூழலுக்கு நல்லதா கெட்டதா என்பதை அதற்குள்ளே நின்று தீர்மானிக்க முடியாது. அதன் கீழ் எல்லையில், கானில் (வடிகாலில்) ஓடுவதும் மண்ணுக்குள் கசிவதும் வெளியேறும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். சமதரையில் இருக்கும் கல்லூரி தன் கழிவைத் தன் வேலிக்குள்ளேயே ஓரளவு தேக்கி வைத்துக்கொள்ளலாம். மலையில் அது முடியாது. நீங்கள் கழுவி ஊற்றுவது கீழே இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்தின் பீலிக்கு, அதாவது அவர்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு, போகும். அங்கேயும் அது நிற்காது. ஹட்டன் மேட்டின் ஒரு சரிவில் விழும் மழை காசல்ரீ நீர்த்தேக்கத்தின் வழியாகக் களனி கங்கையைச் சேர்கிறது. மறுசரிவில் விழுவது மகாவலிக்குப் போகிறது. முன்னதிலிருந்து கொழும்புக்கும், பின்னதிலிருந்து கண்டிக்கும் குடிநீர் எடுக்கிறார்கள். ஆகவே நுழைவாயிலில் எத்தனை பூச்சட்டி இருக்கிறது என்பதைவிட, பின்வேலிக்குக் கீழே ஓடும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதே உங்கள் திட்டத்தின் முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வி உலகத் தரவரிசைகளில் பெரிதாகத் தெரியாது. பல்கலைக்கழகங்கள் சூழலுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் 1990இல் பிரான்சின் தல்வார் நகரில் வெளியான பிரகடனத்தோடு உருப்பெற்றது. 2010இல் இந்தோனேசியப் பல்கலைக்கழகம் தொடங்கிய ‘கிரீன்மெட்ரிக்’ தரவரிசையில் இன்று நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களும் பங்குபற்றுகின்றன. அது நெடுங்காலம் பின்பற்றிய புள்ளிப் பங்கீட்டில் மின்சாரமும் காலநிலையும் 21 சதவீதம், கழிவு 18, போக்குவரத்து 18, கல்வியும் ஆய்வும் 18, நில அமைப்பு 15, தண்ணீர் 10. உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைத்தால் இப்படித்தான் வரும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மாணவர் பெரும்பாலோர் விடுதியில் தங்கி நடந்தே வகுப்புக்குப் போகும் ஒரு மலைக் கல்லூரியில் போக்குவரத்தில் சீர்திருத்த அதிகம் இல்லை. தண்ணீரிலோ நிறைய உண்டு. எனவே அந்தப் பட்டியலை அப்படியே பார்த்து எழுதித் திட்டம் தயாரிக்க வேண்டாம்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். அதற்கு ஓர் இரவும் ஓர் அடிமட்டக் கோலும் போதும். வளாகத்துக்கு நீர் வழங்கும் தாங்கியில், இரவு 11 மணியளவில் எல்லோரும் படுத்த பிறகு, பராமரிப்புப் பிரிவின் அனுமதியோடும் அவர்களில் ஒருவர் உடனிருக்கவும், உள்வரும் குழாயை மூடிவிட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிகாலை 4 மணிக்கு, முதலாவது ஆள் முகம் கழுவ எழுவதற்கு முன், மறுபடி பாருங்கள். தாங்கியின் அடித்தளம் 3 மீற்றருக்கு 2 மீற்றர் என்று வையுங்கள். மட்டம் 8 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் ஐந்து மணி நேரத்தில் 480 லீற்றர் போயிருக்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,300 லீற்றர். இரவில் ஓரிருவர் எழுந்து மலசலகூடம் போயிருக்கலாம். அதைக் கழித்தாலும் மீதி முழுவதும் கசிவுதான். பழைய விடுதிகளில் இந்தக் கசிவு பெரும்பாலும் சொட்டும் குழாய்களில் இருப்பதில்லை. அவை கண்ணுக்குத் தெரிவதால் யாராவது துணி சுற்றியாவது வைத்திருப்பார்கள். மலசலகூடத்து நீர்த்தொட்டியின் உள்வால்வு தேய்ந்து, கோப்பையின் பின்சுவரில் மெல்லிய படலமாகச் சத்தமின்றி வழிந்துகொண்டே இருக்கும். தொட்டியில் சிறிது உணவு நிறமி கலந்து, பதினைந்து நிமிடம் யாரையும் தண்ணீர் திறக்க விடாமல், கோப்பையில் நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். நிறம் தெரிந்தால் மாற்ற வேண்டியது ஒரு சிறிய இறப்பர் வளையமாகவே பெரும்பாலும் இருக்கும்.

இது தண்ணீரோடு முடியும் காரியம் அல்ல. மலையில் ஊற்று கீழேயும் விடுதி மேலேயும் இருந்தால் ஒவ்வொரு லீற்றரையும் மோட்டார்தான் ஏற்றுகிறது. 1,000 லீற்றர் தண்ணீரை 100 மீற்றர் உயரத்துக்கு ஏற்றக் கணக்குப்படி 0.27 அலகு மின்சாரம் தேவை. மோட்டாரும் குழாயும் தின்பதைச் சேர்த்தால் நடைமுறையில் அரை அலகுக்கு மேல் போகும். உங்களுக்கு மேலிருந்து புவியீர்ப்பில் தண்ணீர் வருகிறதென்றால் இந்தக் கணக்குப் பொருந்தாது; அப்போது கேள்வி வேறு. அதே ஊற்றை நம்பிக் கீழே எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, மாசி பங்குனியில் அவர்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதே அது. இதைத் தோட்டத்து ஆட்களிடம் நேரில் போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்வது எந்த அளவீட்டு அறிக்கையிலும் இருக்காது.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மின்குமிழை மாற்றுவதில் தொடங்குகிறார்கள். குளிர்நாட்டு விடுதியில் மின்சாரம் போகும் பெரிய வழி சுடுதண்ணீர். ஒருவர் குளிக்க 20 லீற்றர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.58 அலகு செலவாகும். 300 பேர் என்றால் ஒரு காலைக்கே 170 அலகுக்கு மேல். அனுமதி இல்லாத இடங்களில் வாளிக்குள் போடும் சூடாக்கிக் கம்பியை ஒளித்து வைத்திருப்பார்கள் என்பது விடுதியில் இருந்த எவருக்கும் தெரியும். தடை போட்டுத் தீர்க்க முடியாத விடயம் இது. 15 பாகைத் தண்ணீரில் யாரும் விரும்பிக் குளிப்பதில்லை. ஈரக் கையோடு அந்தக் கம்பியைத் தொடும் ஆபத்து வேறு. கூரையில் வைக்கும் சூரிய நீர்சூடாக்கி இதற்கு நன்கு நிரூபணமான தீர்வு. மழைமாதங்களில் துணைச் சூடாக்கம் தேவைப்படும் என்றாலும், மின்சாரம் தயாரிக்கும் தகட்டைவிடச் செலவு குறைவாகவும் பலன் நேராகவும் இருக்கும். ஒரு பொருளை மட்டும் கேட்டு வாங்க உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால் இதைக் கேளுங்கள் என்பேன்.

சூரிய மின்தகட்டைப் பொறுத்தவரை நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். 2016 செப்ரெம்பரில் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தின் பிறகு நாடெங்கும் கூரைத்தகடுகள் பெருகின. பகலில் வகுப்பும் அலுவலகமும் நடக்கும் கல்லூரிக்கு அது இயல்பாகவே பொருந்தும். ஆனால் தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் மலையின் மேற்குச் சரிவு நாட்கணக்காக மூடுபனிக்குள் கிடக்கும். கீழ்நாட்டில் ஒரு தகடு தரும் மின்சாரத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது. பழைய கட்டடங்களில் கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருக்கும். அதைத் துளைக்கவோ வெட்டவோ பயிற்சியற்றவர்களை விடக்கூடாது. கூரைத்தகட்டு மின்சாரத்தை வாங்கும் விலையும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. எனவே விற்பவர் தரும் கணக்கை மட்டும் நம்பாமல், உங்கள் ஊரிலேயே, உங்கள் சரிவிலேயே தகடு போட்டிருக்கும் ஒரு கடையோ வங்கியோ இருந்தால் அவர்களின் ஆடி, ஆவணி மாத மின்பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நீர்மின் நிலையங்களின் மத்தியில் இருப்பதால் நம் மின்சாரம் தூயது என்று நம்மவர் நினைப்பதுண்டு. மின்வலையமைப்பு நாடு முழுவதற்கும் ஒன்று. நீர்த்தேக்கங்கள் இறங்கும் வறட்சி மாதங்களில் அதைத் தாங்குவது நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயும்தான். மாசி பங்குனியில் மிச்சப்படுத்தும் ஓர் அலகு, கார்த்திகையில் மிச்சப்படுத்துவதைவிடப் பெறுமதியானது.

கூரை மழைநீரும் மறக்கக்கூடாதது. 400 சதுர மீற்றர் கூரையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றர் மழை விழுந்து, அதில் ஐந்தில் நாலு பங்கைப் பிடித்தால் 640,000 லீற்றர். வட்டவளைப் பக்கம் இதைவிட இரு மடங்குக்கு மேல் பெய்யும். ஆனால் மழை பெய்யும்போது தண்ணீருக்குக் குறைவில்லை, குறைவு வரும்போது மழை இல்லை. அதனால் தாங்கியின் கொள்ளளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மலசலகூடத்துக்கும் தரை கழுவவும் அதைப் பயன்படுத்துங்கள். குடிப்பதற்கு வேண்டாம்.

இனி எல்லோரும் விட்டுவிடுகிற, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிற விடயத்துக்கு வருகிறேன். கூரையிலிருந்து விழும் நீர் எங்கே போகிறது? மண்ணைப் பாதுகாக்கக் கான் வெட்டத் தெரிந்தவர்கள் நம் முன்னோர். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே சிறு கானும், அவற்றை வாங்கிக் கீழே இறக்கும் பெரிய கானும் போட்டு, நூறாண்டுக்கு மேல் மழையைச் சமாளித்த முறை அது. அந்த மலையில் ஒரு துண்டை வெட்டிச் சமப்படுத்திக் கட்டடம் எழுப்பும்போது பழைய கான்கள் மண்ணுக்குள் புதைந்துவிடுகின்றன. புதிய கூரையின் நீர் முழுவதும் ஒரே குழாயில் வந்து, கட்டடத்தின் பின்னால் ஒரு மூலையில் கொட்டப்படுகிறது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். சில பருவங்கள் கடந்த பின் அந்த மூலைக்குக் கீழே மண் ஊறிக் கனத்துவிடும். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி, ஒவ்வொரு கூரைக்குழாயும் எங்கே விடுகிறது, ஒவ்வொரு கானும் எங்கே முடிகிறது என்று படம் வரையுங்கள். வெயில் நாளில் வரையும் படம் பொய் சொல்லும். தாங்குசுவர்களில் நீர் வெளியேற விட்ட துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பாசியும் மண்ணும் அடைத்த துளைக்குப் பின்னால் தண்ணீர் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

அதே நடையில் வேறு சிலவற்றையும் கவனியுங்கள்: தரையில் பிறைவடிவ வெடிப்பு, நேராக நின்று இப்போது சாய்ந்திருக்கும் மரம் அல்லது மின்கம்பம், திடீரெனத் தோன்றிய ஊற்று, தெளிந்து வந்த ஊற்று கலங்கி வருவது, ஒரே பக்கத்துக் கதவுகள் மட்டும் இறுகுவது. இவை சரிவு நகர்வதன் அறிகுறிகள் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் ஒரு வெடிப்பைப் பார்த்து அது ஆபத்தானதா இல்லையா என்று நீங்களோ நானோ தீர்ப்புச் சொல்லக்கூடாது. அது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. மலையக மாவட்டங்களுக்கான மண்சரிவு அபாய வரைபடங்கள் அவர்களிடம் உண்டு. கல்லூரி நிர்வாகத்தின் கடிதத்தோடு கேட்கலாம். 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய சரிவு, முன்பே அபாயம் என்று அறியப்பட்ட இடத்தில்தான் நிகழ்ந்தது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டும் மழையை அந்த நிறுவனம் முதற்கட்ட எச்சரிக்கைக்கான அளவாகக் கொள்கிறது. நேர்ச்சுவர் உள்ள ஒரு தகரப்பேணியை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் ஆழத்தை அளந்து எழுதினால் போதும். உங்கள் மேட்டின் மழை உங்களுக்குத் தெரியும். ‘பசுமை வளாகம்’ என்ற தலைப்பின் கீழ் இது வருமா என்று யாரேனும் கேட்டால், வரும் என்று சொல்லுங்கள்.

மலசலகூடக் குழிகளும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஊறுகுழியில் இறங்கும் ஒவ்வொரு லீற்றரும் சரிவை நனைக்கிறது, கீழே உள்ள ஊற்றையும் தொடுகிறது. குழி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது பவுசர் வந்து உறிஞ்சியது என்று கேளுங்கள். பல இடங்களில் யாருக்கும் விடை தெரியாது. அந்தத் தெரியாமையை உங்கள் திட்டத்தில் முதற்பக்கத்திலேயே எழுதலாம்.

அடுத்தது சமையலறை. மூன்று நிறத் தொட்டி வைப்பதற்கு முன், ஒரு வாரம் தட்டில் மிஞ்சுவதையும் அண்டாவில் மிஞ்சுவதையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. தட்டில் மிஞ்சினால் சுவையோ அளவோ பிழை. அண்டாவில் மிஞ்சினால் எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்ற தகவல் சமையற்காரருக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை பாதிப்பேர் வீட்டுக்குப் போயிருக்க, முழு விடுதிக்கும் உலை வைப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வியாழன் மாலையே பெயர்ப்பட்டியல் ஒன்று சமையலறைக் கதவில் ஒட்டப்பட்டால், உரக்குழி எதுவும் செய்யாத அளவு நன்மை அதில் உண்டு. மிச்சமான சோற்றை உரமாக்குவதைவிடச் சமைக்காமல் விடுவதே மேல். அரிசி, எரிவாயு, தண்ணீர் மூன்றும் மிஞ்சும்.

பிறகும் மிஞ்சுவதைக் கூட்டெரு ஆக்கலாம். மலையில் தோற்பதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள்: மழை, சிறிய குவியல். குவியல் நீள அகல உயரத்தில் ஒரு மீற்றருக்குக் குறைந்தால் குளிரில் சூடு பிடிக்காது. உள்ளே 55 பாகையாவது சில நாட்கள் நின்றால்தான் கிருமியும் களைவிதையும் சாகும். சோறும் காய்கறித் தோலும் ஈரம் நிறைந்தவை, நைதரசன் மிகுந்தவை. அவற்றோடு காபன் மிகுந்த காய்ந்த இலை, புல், மரத்தூள் ஆகியவற்றைக் கன அளவில் இரு மடங்காவது கலக்க வேண்டும். இல்லாவிட்டால் நாறும். மேலே தகரம் போடுங்கள். திறந்த குவியலில் மழை இறங்கினால் உரச்சத்து முழுவதும் கறுப்புத் தண்ணீராகக் கானுக்குப் போய்விடும். சுற்றி உறுதியான வேலியும் வேண்டும். திறந்து கிடக்கும் சோற்றுக்குக் காட்டுப்பன்றியும் தெருநாயும் வரும்; நாய்க்குப் பின்னால் சிறுத்தை வரும்; பன்றிக்காக யாராவது கம்பிச் சுருக்கு வைப்பார்கள்; சிறுத்தை அதில் மாட்டும். தேயிலை மலைகளில் சிறுத்தைகள் இப்படிச் செத்த செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள்.

உணவுக்கழிவிலிருந்து சமையல் வாயு எடுக்கும் உயிர்வாயுக் கலன் வைக்கலாமா என்று கேட்கக்கூடும். 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்டில் அந்த ஆசை நியாயமானது. கணக்கு இப்படி: நல்ல நிலையில் 10 கிலோ உணவுக்கழிவு ஏறக்குறைய ஒரு கன மீற்றர் வாயு தரும்; அது 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக 280 கிலோ கழிவு வேண்டும். அதுவும் 35 பாகை வெப்பத்தை விரும்பும் நுண்ணுயிர்களின் வேலை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவில்தான். அந்தக் குளிரில் உற்பத்தி பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். பேராதனையிலோ பதுளையிலோ வெற்றிபெற்ற கலனைப் பார்த்துவிட்டு உயரமான இடத்தில் அதே அளவில் கட்ட வேண்டாம்.

பொலித்தீனுக்குச் சட்டம் ஏற்கெனவே உங்கள் பக்கம் இருக்கிறது. சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாளுக்கு 2017 செப்ரெம்பரிலும், ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய் முதலியவற்றுக்கு 2023 ஒக்ரோபர் முதலாம் திகதியிலும் தடை வந்தது. சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இவற்றை நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள். சுவரொட்டியைவிட ஒப்பந்தத்தின் ஒரு வரி வலியது. தொட்டிகளில் பச்சை உணவுக்கழிவுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு என்பது நாட்டு வழக்கம். ஆனால் வைப்பதற்கு முன் பிரதேச சபையிடம் ஒன்று கேளுங்கள்: பிரித்துக் கொடுத்தால் பிரித்தே கொண்டுபோவீர்களா? இல்லை என்றால், பிரித்த மூன்றும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் விழுவதை மாணவர்கள் ஒருமுறை பார்த்தாலே போதும், அதற்குப் பிறகு யாரும் பிரிக்க மாட்டார்கள். அந்த நிலையில் உணவுக்கழிவை மட்டும் பிரித்து உள்ளேயே வைத்துக்கொண்டு, கடதாசியையும் போத்தலையும் வாங்கும் பழைய சாமான் கடைக்காரரோடு பேசுவது நல்லது.

பெண்கள் விடுதியில் மாதவிடாய் அணையாடைக் கழிவைப் பற்றி எந்தச் சூழல் குழுவும் வாய் திறப்பதில்லை. மூடியுள்ள தொட்டி இல்லாத இடத்தில் அது மலசலகூடத்துக்குள் போய்க் குழியை அடைக்கிறது, அல்லது பின்பக்கம் இரவில் எரிகிறது. மூடிய தொட்டி, சுற்றக் கடதாசி, கிழமைதோறும் எடுக்கும் ஏற்பாடு: இவை உறுதியாக உதவும். சிறிய எரிகலன்களைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. 800 பாகைக்குக் கீழே பிளாஸ்டிக்கை எரித்தால் நச்சுப்புகை வரும், சந்தையில் உள்ள பல சிறு கலன்கள் அந்தச் சூட்டை எட்டி நிலைப்பது ஐயமே. கழுவிப் பாவிக்கும் துணியை மலையகக் குளிரிலும் மழையிலும் வெயிலில் உலர்த்தச் சொல்வது எளிது, செய்வது கடினம். இதைப் பெண் பயிலுநர்களே தீர்மானிக்கட்டும்.

மரம் நடுவதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. யூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினம் என்பதற்காக நாடு முழுவதும் அன்று கன்று நடுகிறோம். ஹட்டன், நோர்வூட் பக்கம் பருவமழை தொடங்கும் காலம் என்பதால் பாதகமில்லை. ஊவாவிலோ, பதுளை பண்டாரவளையில், அப்போதுதான் வறண்ட காற்று அடிக்கத் தொடங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் அதே காற்று கன்றைக் கருக்கிவிடும். அங்கே ஐப்பசி மழைதான் நடுகைக்காலம். எதை நடுவது என்பதில் ஒன்று மட்டும் சொல்வேன்: பைன் மரமும் யூக்கலிப்டசும் வேண்டாம். பேராதனைப் பல்கலைக்கழகம் 1952இல் குடிபுகுந்த இடத்துக்கு மேலே உள்ள ஹந்தானை மலைத்தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனமானது. அங்கே முன்பு நட்ட பைன் காடுகளின் உதிர்ந்த ஊசியிலைகள் கோடையில் தீயை வளர்க்கின்றன. உங்கள் உயரத்துக்குரிய நாட்டு மரங்களை ஹக்கலைத் தாவரவியற் பூங்காவிலோ வனத் திணைக்கள நாற்றுமேடையிலோ கேளுங்கள். குறைவாக நடுங்கள்; ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருவர் பொறுப்பு என்று பெயர் எழுதுங்கள். நீங்கள் பயிற்சி முடித்துப் போய்விடுவீர்கள் என்பதால் அந்தப் பெயர் கனிஷ்ட மாணவருடையதாகவோ தோட்ட ஊழியருடையதாகவோ இருக்கட்டும்.

புகைப்படத்துக்குத்தானா என்ற கேள்விக்கு, அப்படி ஆகிவிடும் வாய்ப்பே அதிகம் என்று நேராகச் சொல்கிறேன். தொட்டியும் கன்றும் திறப்பு விழாவுக்கு உதவும். தாங்கியின் நீர்மட்டம் உதவாது. ஆனால் பீடாதிபதிக்கு விழாவும் தேவை என்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். மேலிடத்துக்கு அவர் அறிக்கை அனுப்ப வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்: விழாவுக்கு ஒரு சிறு நடுகை, அதே கோப்பில் நாலு எண்கள். இரவுக் கசிவு எத்தனை லீற்றர், மின்பட்டியல் எத்தனை அலகு, வாரத்துக்கு எத்தனை கிலோ சோறு மிஞ்சியது, கீழ்வேலியில் எடுத்த நீரில் கிருமி உண்டா இல்லையா. மூன்று மாதத்தின் முதல் மாதத்தை முழுவதும் அளப்பதற்கே விடுங்கள். இரண்டாம் மாதத்தில் காசு தேவையில்லாத இரண்டைச் செய்யுங்கள். நான் இறப்பர் வளையங்களையும் வெள்ளிக்கிழமைப் பெயர்ப்பட்டியலையும் தெரிவுசெய்வேன். மூன்றாம் மாதத்தில் மறுபடி அளந்து, வேறுபாட்டோடு சேர்த்துச் சூரிய நீர்சூடாக்கிக்கான கோரிக்கையை எழுதுங்கள். பணம் உள்ளவர்கள் கணக்கு உள்ள கடிதத்தை முதலில் படிப்பார்கள்.

நீர் மாதிரியை மட்டும் நீங்களாகவே சோடாப் போத்தலில் பிடித்து அனுப்ப வேண்டாம். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமி நீக்கிய போத்தல் வேண்டும். மாதிரியைக் குளிரில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குச் சேர்க்க வேண்டும். குடிநீரைப் பொறுத்தவரை 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதே இலங்கைத் தரநிர்ணயம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிராந்திய ஆய்வுகூடத்திடமோ கட்டணத்தையும் போத்தல் கிடைக்கும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு மாதிரி எடுங்கள்: வளாகத்துக்குள் தண்ணீர் நுழையும் மேற்புறத்தில் ஒன்று, கீழ்வேலியைத் தாண்டியவுடன் ஒன்று. இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லையென்றால் உங்கள் குழிகளைப் பற்றி ஓரளவு நிம்மதி கொள்ளலாம். இருந்தால் கல்லூரிக் கூட்டத்துக்கு முன் பீலிக்காரர்களிடம் போய்ச் சொல்லி, கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.